திறக்காத பெட்டிக்குள் பார்த்தவர்

2022 ஜூலையில் கிள்ளான் துறைமுகத்தில் சுங்கத்துறையினர் ஒரு கொள்கலனைப் பிடித்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சரக்கு. அறுத்த மரப்பலகைகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஏறக்குறைய 6,000 கிலோ யானைத் தந்தம் இருந்தது. எறும்புத்தின்னியின் செதில், காண்டாமிருகக் கொம்பு ஆகியவையும் கிடைத்தன. மொத்த மதிப்பு 8 கோடி ரிங்கிட் என்று அறிவித்தார்கள். அந்த வாரம் சனிக்கிழமை டுரியான் துங்காலில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில் நேரத்துக்குப் பாடம் தொடங்கவில்லை. பேச்செல்லாம் தந்தத்தைப் பற்றித்தான்.

படிவம் 5 மாணவி ஒருத்தி நியாயமான ஒரு கேள்வி கேட்டாள். கிள்ளானில் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கில் கொள்கலன்கள் ஏறி இறங்குகின்றன. எல்லாவற்றையும் திறந்து பார்க்க முடியாது. எந்தப் பெட்டியில் பொய் இருக்கிறது என்று பிறகு எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? நான் மூன்று வழி சொன்னேன். ஒன்று, யாராவது கொடுக்கும் துப்பு. இரண்டு, சரக்குப் பத்திரத்தில் தெரியும் முரண்பாடு. மூன்று, பெட்டியைத் திறக்காமலே உள்ளே பார்க்கும் ஊடுகதிர்க் கருவி. மூன்றாவதைச் சொன்னதும் இன்னொரு மாணவன் பாடநூலில் இருக்கும் அந்தப் படத்தைக் காட்டினான். மோதிரம் போட்ட ஒரு பெண்ணின் கை எலும்புகள். ஊடுகதிர் என்றால் மருத்துவமனைச் சமாசாரம்தானே, துறைமுகத்துக்கு எப்படிப் போனது என்று கேட்டான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து ராண்ட்ஜனின் முதல் கட்டுரையின் மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்துப் படித்தேன். 1895 டிசம்பர் 28ஆம் தேதி அவர் கொடுத்த கட்டுரை அது. பத்துப் பக்க அளவுதான் இருக்கும். அதில் தாம் எடுத்த நிழற்படங்களை வரிசையாகச் சொல்கிறார். கை எலும்பு ஒரு வரியில் வருகிறது. அதற்குப் பக்கத்திலேயே மூடிய பெட்டிக்குள் இருந்த எடைக்கற்களின் படமும் வருகிறது. உலோகக் கூட்டுக்குள் இருந்த திசைகாட்டியையும் படம் எடுத்திருக்கிறார். எலும்புப் படத்தை உலகமே கொண்டாடிவிட்டது. எடைக்கல் பெட்டியை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் இன்று கிள்ளானில் ஒரு சுங்க அதிகாரி திரையில் பார்ப்பது அந்த எடைக்கல் பெட்டியின் வழிவந்த படத்தைத்தான். ஆகவே மாணவர்களே, இந்த வாரம் அந்தப் பெட்டிக்காரரின் கதையைச் சொல்கிறேன்.

வில்ஹெல்ம் கொன்ராட் ராண்ட்ஜன் 1845 மார்ச் 27ஆம் தேதி ஜெர்மனியின் லென்னெப் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா துணி உற்பத்தி செய்து விற்றவர். அம்மாவின் குடும்பம் ஹாலந்தைச் சேர்ந்தது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. மூன்று வயதில் குடும்பத்தோடு ஹாலந்தின் அப்பல்டோர்ன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். பள்ளியில் அவர் முதல் மாணவர் அல்லர். காடு மேடு சுற்றுவதும், கையால் சின்னச் சின்னக் கருவிகள் செய்வதும்தான் பிடித்தமானவை. கையால் செய்யும் பழக்கம் மட்டும் கடைசிவரை விடவில்லை. பேராசிரியர் ஆன பிறகும் தமக்கு வேண்டிய கருவிகளில் பலவற்றைத் தாமே செய்துகொண்டார்.

பதினேழு வயதை நெருங்கியபோது உட்ரெக்ட் நகரத்தில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் அந்தச் சம்பவம் நடந்தது. ஓர் ஆசிரியரைக் கேலி செய்து யாரோ ஒரு மாணவன் படம் வரைந்துவிட்டான். ராண்ட்ஜன் வரையவில்லை. ஆனால் வரைந்தவன் யார் என்று அவருக்குத் தெரியும். பெயரைச் சொல்லும்படி பள்ளி நிர்வாகம் கேட்டது. அவர் சொல்ல மறுத்தார். பள்ளியிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள்.

இந்தக் கதையைப் பலர் சொல்லும் விதம் எனக்குப் பிடிப்பதில்லை. பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவர் நோபல் பரிசு வாங்கினார் என்று ஒரே தாவாகத் தாவிவிடுவார்கள். இடையில் அவர் கொடுத்த விலையை யாரும் எண்ணுவதில்லை. அவருக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எஸ்பிஎம் சான்றிதழ் இல்லாமல் பல்கலைக்கழக வாசலில் நிற்பது போல. ஹாலந்திலும் ஜெர்மனியிலும் அந்தச் சான்றிதழ் இல்லாமல் முறையான மாணவராகச் சேர முடியாது. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வெளியாள் போலப் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதற்குப் பட்டம் கிடைக்காது. அப்போதுதான் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் ஒரு பாலிடெக்னிக் இருப்பதும், சான்றிதழ் இல்லாதவர்களையும் நுழைவுச் சோதனை வழியாக அது சேர்த்துக்கொள்வதும் அவருக்குத் தெரியவந்தது. 1865இல் அங்கே இயந்திரப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பிற்காலத்தில் ஐன்ஸ்டைன் படித்ததும் அதே இடத்தில்தான். 1868இல் பொறியாளர் தகுதி, அடுத்த ஆண்டே சூரிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம்.

அங்கே ஆகஸ்ட் குண்ட் என்ற இயற்பியல் பேராசிரியர் இவருடைய கைத்திறனைக் கண்டுகொண்டு உதவியாளராக வைத்துக்கொண்டார். 1870இல் குண்ட் ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ராண்ட்ஜனையும் அழைத்துப் போனார். அங்கே உட்ரெக்ட் பழைய கணக்கு மறுபடி குறுக்கே வந்தது. முனைவர் பட்டம் இருந்தும், பள்ளிச் சான்றிதழ் இல்லை என்று சொல்லி அவருக்கு விரிவுரையாளர் தகுதி தர அந்தப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. பள்ளியில் ஒரு நண்பனைக் காட்டிக்கொடுக்காததற்கு ஏழெட்டு ஆண்டு கழித்தும் அபராதம்! குண்ட் ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்கு மாறியபோது அவரும் கூடவே போனார். அந்தப் புதுப் பல்கலைக்கழகம் சான்றிதழைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1874இல் அங்கே விரிவுரையாளர் ஆனார். பிறகு படிப்படியாக உயர்ந்து கீஸன் நகரத்தில் பேராசிரியர். 1888இல் வூர்ட்ஸ்புர்க் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக வரும்படி அழைத்தது. போனார். 1894இல் அதற்கே தலைவரும் ஆனார்.

இதற்கிடையில் 1872இல் அன்னா பெர்த்தா லுட்விக் என்பவரை மணந்திருந்தார். சூரிக்கில் உணவகம் நடத்தியவரின் மகள், இவரைவிட ஆறு வயது மூத்தவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அன்னாவின் சகோதரர் மகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள்.

இனி 1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை மாலை. ராண்ட்ஜனுக்கு வயது 50. அந்த வயதுக்குள் அவர் நல்ல இயற்பியலாளர் என்று பெயர் வாங்கியிருந்தார், பிரபலமானவர் அல்லர். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் என்ன நடக்கிறது என்று அக்காலத்தில் பலரும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவரும் அதைத்தான் செய்தார். குழாயின் ஒளி வெளியே வராதபடி கறுப்பு அட்டையால் மூடியிருந்தார். அறையும் இருட்டு. மின்சாரத்தை விட்டதும், சற்றுத் தள்ளி இருந்த ஒரு திரை மங்கலாக ஒளிர்ந்தது. பேரியம் பிளாட்டினோசயனைடு என்ற உப்பு பூசிய திரை அது.

அது ஏன் அதிசயம் என்றால், குழாயில் உண்டாவதாக அதுவரை தெரிந்திருந்த கேதோடுக் கதிர்கள் காற்றில் சில சென்டிமீட்டருக்கு மேல் போகமாட்டா. திரையோ அதைவிட வெகு தூரத்தில் இருந்தது. இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலும் ஒளிர்ந்தது. அட்டையையும் துளைத்து, அவ்வளவு தூரமும் போய்த் திரையைத் தட்டுவது வேறு ஏதோ. இந்தக் குழாய்களை வைத்து ஐரோப்பாவில் எத்தனையோ பேர் வேலை செய்தார்கள். அவர்கள் அறையிலும் இதே கதிர் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். நின்று திரும்பிப் பார்த்தவர் இவர்.

அடுத்த ஏழு வாரங்கள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீடு ஆய்வுக்கூடத்தின் மேல்மாடியில்தான் இருந்தது. ஆனாலும் சில நாள்கள் சாப்பாடும் தூக்கமும் கீழேயே. தாம் பார்த்தது மெய்தானா என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது. அதனால் கைக்கு அகப்பட்டதையெல்லாம் குழாய்க்கும் திரைக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய 1,000 பக்கப் புத்தகம் ஒன்றை வைத்தார். அதன் பின்னாலும் திரை ஒளிர்ந்தது. இரண்டு கட்டுச் சீட்டு வைத்தார். கட்டையை வைத்தார். 2, 3 சென்டிமீட்டர் பலகை கதிரை லேசாகத்தான் தடுத்தது. 15 மில்லிமீட்டர் அலுமினியம் நன்றாகக் குறைத்தது, ஆனாலும் முழுதாக அணைக்கவில்லை. 1.5 மில்லிமீட்டர் ஈயத் தகடு கிட்டத்தட்ட முழுதாகவே தடுத்துவிட்டது.

மாணவர்களே, இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சரக்குச் சோதனையின் மொத்த அடிப்படையும் இதில் இருக்கிறது. காகிதம், மரம், துணி, சதை ஆகியவை லேசான அணுக்களால் ஆனவை. கதிர் எளிதில் ஊடுருவிப் போகும். இரும்பு, ஈயம், தங்கம் ஆகியவற்றின் அணுக்கள் கனமானவை, நெருக்கமாகவும் இருப்பவை. கதிரை விழுங்கிவிடும். எனவே அந்தப் பக்கம் வைத்த தகட்டில், கனமான பொருளின் நிழல் அழுத்தமாகவும் லேசான பொருளின் நிழல் மங்கலாகவும் விழும். மூடிய பெட்டிக்குள் எடைக்கல் தெரிந்தது இதனால்தான். பெட்டியின் பலகை மங்கி மறைந்தது, உலோகக் கற்கள் தனித்தனியாக நின்றன. பிறகு தம் வேட்டைத் துப்பாக்கியையும் படம் எடுத்தார்.

டிசம்பர் 22ஆம் தேதி மனைவியை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து, அவர் கையை ஒளிப்படத் தகட்டின் மேல் கால் மணி நேரம் அசையாமல் வைக்கச் சொன்னார். அதுதான் பாடநூலில் இருக்கும் படம். தம் எலும்பைத் தாமே பார்த்த அன்னா, சாவை முன்கூட்டியே பார்த்துவிட்டது போல மிரண்டுபோனதாகச் சொல்வார்கள். யார்தான் மிரளமாட்டார்கள்?

கதிரின் இயல்பு தெரியாததால் கணக்கில் தெரியாததற்குப் போடும் எழுத்தை வைத்து எக்ஸ் கதிர் என்று பெயரிட்டார். 1896 ஜனவரி முதல் தேதி கட்டுரையின் பிரதிகளையும் படங்களையும் அறிமுகமான அறிவியலாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார். சில நாள்களில் வியன்னா நாளேடு ஒன்றில் செய்தி வந்தது. அதன் பிறகு நிற்கவில்லை. ஜனவரி 13ஆம் தேதி பெர்லினில் பேரரசர் முன் செய்து காட்டினார். 23ஆம் தேதி வூர்ட்ஸ்புர்க்கில் கூட்டம் நிரம்பி வழிந்த அரங்கில் பேசினார். அங்கே கோலிக்கர் என்ற முதிய உடற்கூற்றியல் பேராசிரியர் தம் கையைப் படம் எடுக்கக் கொடுத்தார், கதிருக்கு ராண்ட்ஜன் பெயரையே வைக்க வேண்டும் என்றும் முன்மொழிந்தார். நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவில் இன்றும் மருத்துவமனையில் ரோன்சென் எடுக்கச் சொல்வது அந்தப் பெயரால்தான். அந்த ஓராண்டில் மட்டும் இக்கதிர் பற்றி 1,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் உலகெங்கும் வெளிவந்தன.

இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு ஒரு காரணம், ராண்ட்ஜன் காப்புரிமை எடுக்காதது. எடுத்திருந்தால் பெரும் பணக்காரர் ஆகியிருப்பார். கண்டுபிடிப்பு எல்லாருக்கும் சொந்தம் என்று விட்டுவிட்டார். பிரபுப் பட்டம் தருவதாகச் சொன்னபோது அதையும் ஏற்கவில்லை. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. போய் வாங்கிக்கொண்டார். வழக்கமான நோபல் உரையை நிகழ்த்தாமலே திரும்பினார். பரிசுப் பணத்தை வூர்ட்ஸ்புர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். ஆமாம், ஒருகாலத்தில் சான்றிதழ் கேட்ட அதே பல்கலைக்கழகம்.

எக்ஸ் கதிரைப் பற்றி அவர் மொத்தம் எழுதியது மூன்று கட்டுரைகள்தாம். 1897க்குப் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார். அதே 1897இல் பாரிஸ் நகரத்தில் ஒன்று நடந்தது. பிரெஞ்சுச் சுங்கத்துறையினர் பயணிகளின் பெட்டிகளையும் மூட்டைகளையும் இந்தக் கதிரில் வைத்துப் பார்த்துச் சோதனை செய்தார்கள். கதிர் கண்டுபிடித்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை! மருத்துவர்களுக்கு அடுத்தபடி இதன் அருமை சுங்கக்காரருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அக்காலக் கருவிக்குக் கைப்பெட்டியைத் தாண்டிப் போகும் தெம்பு இல்லை. இரும்புப் பெட்டிக்குள் பார்க்க இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் மலாக்காவுக்கு இதில் ஒரு பழைய சொந்தம் உண்டு. சுல்தான்கள் காலத்தில் இங்கே வந்த கப்பல்களைக் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர், நம் சோழமண்டலக் கரை வணிகர்களுக்கும் வங்காளம், பெகு முதலிய இடத்தாருக்கும் ஒருவர் என்று பிரித்திருந்தார்கள். மூட்டையைப் பிரித்து, எண்ணி, எடை போட்டுத்தான் தீர்வை. ஐநூறு ஆண்டு கழித்தும் உலகத் துறைமுகங்களில் அந்த வேலையின் அடிப்படை மாறவில்லை. சரக்கின் அளவுதான் மாறிவிட்டது. கிள்ளான் துறைமுகம் இப்போது ஆண்டுக்கு 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட 20 அடிக் கொள்கலன்களுக்குச் சமமான சரக்கைக் கையாள்கிறது. அவற்றில் சிறு பங்கைத் திறந்து கொட்டிப் பார்த்தாலே துறைமுகம் ஸ்தம்பித்துவிடும்.

என் மாமா கொள்கலன் லோரி ஓட்டுகிறார். துறைமுகத்தில் சோதனைக்கு நிறுத்தினால், லோரியை வளைவு போன்ற ஒரு கருவியின் அருகே விட்டுவிட்டு இறங்கித் தள்ளிப்போய் நிற்க வேண்டும் என்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும், பெட்டியின் முத்திரைகூட உடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு விளக்கியதை இங்கேயும் சொல்கிறேன்.

மருத்துவமனையில் நெஞ்சுப் படம் எடுக்கும் கருவி ஏறக்குறைய 1 லட்சம் வோல்ட் அளவில் வேலை செய்யும். கொள்கலனுக்கு அது போதாது. அதனால் நேர்கோட்டு முடுக்கி என்ற கருவியில் எலெக்ட்ரான்களை 60 லட்சம், 90 லட்சம் வோல்ட்டுக்கு ஈடான ஆற்றலுக்கு விரட்டி, டங்ஸ்டன் போன்ற கனமான உலோகத்தில் மோதவிடுகிறார்கள். அதிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர் 30 சென்டிமீட்டர் இரும்பையும் ஊடுருவக்கூடியது. ராண்ட்ஜனின் கதிர் ஒன்றரை மில்லிமீட்டர் ஈயத்தில் நின்றுபோனதை நினைத்துக்கொள்ளுங்கள். கதிரை மெல்லிய விசிறி போல ஒடுக்கி ஒரு பக்கம் பாய்ச்சுவார்கள். மறுபக்கம் உணரிகள் மேலிருந்து கீழாக வரிசையாக நிற்கும். லோரியோ கருவியோ நகர நகர, ஒளிநகல் எடுக்கும் இயந்திரம் தாளைப் படிப்பது போலக் கோடு கோடாகப் படம் சேரும்.

புதிய கருவிகளில் இரண்டு வேறு ஆற்றல்களில் கதிரை மாற்றி மாற்றி விடுவார்கள். ஒரே பொருள் இரண்டையும் எவ்வளவு விழுங்குகிறது என்று ஒப்பிட்டால், அது லேசான அணுக்களால் ஆனதா கனமானதா என்று கணினி கணித்து நிறம் போடும். மரத்துக்கும் இரும்புக்கும் வித்தியாசம் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

ஆனால் படம் தானாகப் பேசாது. ஓர் அதிகாரி உட்கார்ந்து, சரக்குப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். மெத்தை என்று எழுதியிருக்கும். படத்தில் செங்கல் அடுக்கியது போல ஒரே அளவுச் சிறு பெட்டிகள் தெரிந்தால் சிகரெட்டாக இருக்கலாம். பின் சுவர் வழக்கத்தைவிட ஓர் அடி முன்னால் வந்திருந்தால் பொய்ச்சுவர். மரப்பலகை நேர்கோடாக ஓடும்; அதன் பின்னால் வளைந்த நிழல் விழுந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஈயத்தால் மூடி மறைத்துவிடலாமே என்று என் மாணவன் ஒருவன் யோசனை சொன்னான். மறைக்கலாம். ஆனால் துணி மூட்டைகளுக்கு நடுவில் கரியாக ஒரு கட்டம் தெரியும். அதைவிட நல்ல விலாசம் வேறு வேண்டுமா? சந்தேகம் வந்த பெட்டியைத்தான் பிறகு திறக்கிறார்கள். சுங்க அதிகாரிகளின் பயிற்சிக்கூடமான அக்மால், டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் புக்கிட் பாருவில்தான் இருக்கிறது. யூடெம் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படிக்க வெளியூர்ப் பிள்ளைகள் நம் ஊருக்கே வருகிறார்கள். இந்த உணரிகளையும் திரைகளையும் புரிந்துகொள்ள வேண்டிய படிப்பு அதுதான்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. 1896 ஜனவரியில் ராண்ட்ஜன் செய்தியைப் பாரிஸில் கேட்ட ஹென்றி பெக்கரல், ஒளிரும் பொருள்கள் தாமாகவே இப்படிக் கதிர் விடுமா என்று தேடப் போய், யுரேனியத்தின் கதிர்வீச்சைக் கண்டார். கள்ளத்தனமாக அணுப்பொருள் கடத்தினால் அது தானாகவே கதிர் விடும், நாம் எதையும் பாய்ச்ச வேண்டியதில்லை. லோரி கடந்து போகும் இரு தூண்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். கிள்ளான், தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகங்களில் இந்த ஏற்பாட்டுக்காக மலேசியா 2008இல் அமெரிக்காவுடன் உடன்பாடு செய்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தூண்கள் வாழைப்பழத்துக்கும் தரை ஓடுகளுக்கும்கூட அலறும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த பொட்டாஷ் உரத்துக்கும் அலறும். பொட்டாசியத்தில் இயல்பாகவே கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கிறது. செம்பனைக்கு நம் அப்பா அம்மா கையால் அள்ளிப் போட்ட உரம்! பயப்பட வேண்டாம், அந்த அளவு மிகச் சிறியது. எது உரம், எது ஆபத்து என்று பிரித்தறிவதற்கு மறுபடி ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

மாமா ஏன் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கும் இந்தக் கதையில் பதில் இருக்கிறது. ஆரம்ப நாள்களில் எக்ஸ் கதிரை விளையாட்டுப் போலக் கையாண்டார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தம் கையையே நீட்டி நீட்டிப் பார்த்தார். கை புண்ணாகி, புற்றாகி, வெட்டி எடுத்தும் பயனில்லாமல் 1904இல் இறந்தார். வயது 39. எடிசன் அதோடு இந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். ராண்ட்ஜன் தப்பியது அவருடைய ஒழுங்கால். ஒளிப்படத் தகடுகள் கெட்டுவிடக் கூடாது என்று ஆள் நிற்கும் அளவுக்குத் துத்தநாகத்தால் ஒரு பெட்டி செய்து, குழாய் இருக்கும் பக்கம் ஈயத் தகடும் வைத்து, தாம் உள்ளே நின்று வேலை செய்தார். தகட்டைக் காத்த ஈயம் அவரையும் காத்தது.

கடைசிக் காலம் நன்றாக இருக்கவில்லை. 1900இல் மியூனிக் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். முதல் உலகப் போர் வந்தது. அன்னா நீண்ட நாள் நோயில் படுத்தார். வலி குறைய மார்ஃபின் ஊசியை ராண்ட்ஜனே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டார். 1919இல் அன்னா இறந்தார். போருக்குப் பிந்திய பணவீக்கத்தில் ஜெர்மன் நாணயம் காகிதமாகிவிட, சேமிப்பெல்லாம் கரைந்தது. பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த நோபல் பணமும் அப்படியே கரைந்தது. காப்புரிமை எடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா என்று என் மாணவி கேட்டாள். வந்திருக்காது. ஆனால் அப்போது பாரிஸ் சுங்கக்காரர்கள் 1897இலேயே கருவியை வைத்து முயன்று பார்த்திருப்பார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

1923 பிப்ரவரி 10ஆம் தேதி மியூனிக்கில் குடல் புற்றுநோயால் ராண்ட்ஜன் காலமானார். வயது 77. கீஸன் நகரத்தில் அன்னாவின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். தம் கடிதங்களையும் ஆராய்ச்சிக் குறிப்புகளையும் எரித்துவிட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள். நவம்பர் 8ஆம் தேதி மாலை அவர் மனத்தில் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ள இப்போது வழி இல்லை. உட்ரெக்ட் பள்ளியில் அந்தக் கேலிப் படத்தை வரைந்த மாணவனின் பெயரும் நான் படித்த எந்த வரலாற்றிலும் இல்லை.